வன்னியில் வாடகை வீட்டில் இருப்போருக்கு: இலவச சட்ட உதவியை நாடிச் செல்வதற்கான முழுமையான வழிகாட்டி

வன்னியில் வீடு வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் வாய்ச்சொல்லோடு முடிந்துவிடுகிற காரியம். உரிமையாளர் கனடாவிலோ பிரான்சிலோ இருப்பார். திறப்பு அவருடைய தமக்கையின் கையில் இருக்கும். முற்பணம் ஒரு கடித உறைக்குள் வைத்துக் கொடுக்கப்படும். "எங்கட ஆக்கள்தானே, எழுத்து என்னத்துக்கு" என்ற ஒற்றை வசனத்தோடு ஒப்பந்தம் நிறைவேறிவிடும். ஓராண்டோ ஈராண்டோ குறையில்லாமல் கழிந்த பின்னர், வீடு விலைப்பட்டுவிட்டது, இந்த மாதக் கடைசிக்குள் இறங்குங்கள் என்று ஒரு தொலைபேசி அழைப்பு வரும்போதுதான், கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையே என்பது உறைக்கும்.

கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள், கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள், அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள், தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுக்க வசதியில்லாதவருக்கு இலவச உதவி கிடைக்கும் இடங்கள் வன்னியிலும் இருக்கின்றன. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது பெரிய சிரமமல்ல. வீட்டை விட்டு இறங்கி, சாமான்களைச் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் அடுக்கி, மூன்று நான்கு மாதம் கழிந்த பிறகு அங்கே போய் நிற்பதுதான் சிரமம். சட்டம் பல இடங்களில் நாட்களை எண்ணுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் திகதிகளைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

முதற் படி: நீதிமன்றக் கட்டளை இல்லாமல் இறங்காதீர்கள்

வாடகைக்கு இருப்பவரை வீட்டிலிருந்து வெளியேற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. உரிமையாளருக்கோ, அவருடைய தம்பிக்கோ, ஊர்ப் பெரியவருக்கோ, கிராம அலுவலருக்கோ, பொலிசாருக்கோ அது கிடையாது. வழக்கு நடந்து, தீர்ப்பு வந்து, அந்தத் தீர்ப்பை நிறைவேற்றும் கட்டளையோடு நீதிமன்ற அலுவலரான பிஸ்கால் வந்து நின்றால்தான் நீங்கள் இறங்க வேண்டிய சட்டக் கட்டாயம் பிறக்கிறது. பூட்டை மாற்றுவது, கூரைத் தகட்டைக் கழற்றுவது, கிணற்று மோட்டாரின் வயரை வெட்டுவது, மின்சாரத்தை நிறுத்துவது ஆகியவை ஆட்களைத் தாமாக இறங்க வைப்பதற்கான தந்திரங்கள். இவற்றில் ஏதாவது நடந்தால், நடந்த அன்றே திகதியையும் நேரத்தையும் குறித்து, கைத்தொலைபேசியில் படம் எடுத்து, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"இது சிவில் பிரச்சினை, கோட்டுக்குப் போங்கோ" என்று பொலிஸ் நிலையத்தில் சொல்லித் திருப்பி அனுப்புவது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்படி, காணி அல்லது கட்டடம் தொடர்பான பிணக்கால் சமாதானம் குலையக்கூடும் என்றால் பொலிசார் அதைத் தாமதமின்றி நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் அறிவிக்காவிட்டால், பிணக்கில் சம்பந்தப்பட்டவரே சத்தியக் கடதாசி ஒன்றோடு நேரடியாக விண்ணப்பிக்கலாம். தனியான ஆரம்ப நீதிமன்றம் இல்லாத இடங்களில் நீதவான் நீதிமன்றமே இதை விசாரிக்கிறது.

இங்கேதான் மிக முக்கியமான காலக்கெடு இருக்கிறது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் வீட்டுக்குள் குடியமர்த்துமாறு நீதிபதி கட்டளையிட வேண்டுமானால், அந்த வெளியேற்றம், வழக்குப் பதியப்பட்ட நாளுக்கு முந்திய 2 மாதங்களுக்குள் நடந்திருக்க வேண்டும். இரண்டு மாதமும் ஒரு நாளும் ஆகிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். அதன் பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் உடைமையை மீட்கும் வழக்கு என்ற இன்னொரு வழி உண்டு; அதற்கு ஓராண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் அது நீண்ட வழி, செலவும் கூடிய வழி. உறவினர் நடுவில் நின்று பேசித் தீர்க்கட்டும் என்று காத்திருக்கும் நல்ல மனிதர்களே இந்த இரண்டு மாதத்தை அதிகம் தவறவிடுகிறார்கள். பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும். அதற்காக வழக்குப் பதிவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இரண்டாவது படி: நீங்கள் இருப்பது எந்த வகைக் காணியில் என்று அறியுங்கள்

கொழும்பிலோ கண்டியிலோ எழுதப்படும் வழிகாட்டிகள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடும். வன்னியில் தாண்ட முடியாது. ஏனென்றால் இங்கே வாடகைக்கு விடப்படும் வீடுகளில் பல, தனியார் உறுதிக் காணியில் இல்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம், அதாவது ஊர் வழக்கில் பெர்மிட், கொடுக்கப்பட்ட அரச காணியில் இருக்கின்றன. இரணைமடு நீர்ப்பாசனத்தை நம்பி எழுந்த குடியேற்றத் திட்டங்களிலிருந்து பின்னாளில் வந்த திட்டங்கள் வரை இதுவே நிலைமை. பெர்மிட் வைத்திருப்பவர், பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் அந்தக் காணியைக் குத்தகைக்கோ வாடகைக்கோ விடும் உரிமை உடையவரல்லர். ஆகவே உங்களோடு அவர் செய்த ஏற்பாடே ஆட்டம் காணும் நிலையில் இருக்கக்கூடும். இது அவருக்கும் தெரியும் என்பதால், பிணக்கு முற்றும்போது பிரதேச செயலகத்தின் பெயரைச் சொன்னாலே சிலர் குரலைத் தாழ்த்துவார்கள். ஆனால் அந்த ஆயுதத்தை வீசுவதற்கு முன் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையைக் கேளுங்கள். பெர்மிட் இரத்துச் செய்யப்பட்டால் அவரோடு சேர்ந்து நீங்களும் வெளியே நிற்க நேரலாம்.

பெர்மிட்டே இல்லாத அரச காணியில் எழுந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்றால், வாடகை வாங்குபவரைவிட அரசாங்கமே உங்களுக்கு எதிர்த்தரப்பாக வரக்கூடும். 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் உடைமையை மீளப்பெறல் சட்டத்தின் கீழ், குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து வெளியேறும் அறிவித்தல் ஒன்று ஒட்டப்படும்; அதன் பின் நீதவான் நீதிமன்றத்தில் நீங்கள் காட்டக்கூடிய காரணம் ஒன்றே ஒன்றுதான்: செல்லுபடியாகும் அனுமதி அல்லது எழுத்திலான அதிகாரம் உங்களிடம் இருக்கிறது என்பது. பத்து வருடம் வாடகை கட்டினேன் என்பது அங்கே எடுபடாது. இவ்வகை அறிவித்தல் வந்தால் அன்றே சட்ட உதவியை நாடுங்கள்.

காணி எந்த வகை என்பதை எப்படி அறிவது? கிராம அலுவலரிடம் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். தயங்கினால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம்; தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். தனியார் உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து உரிமையாளர் யாரென்று பார்க்க முடியும்.

மூன்றாவது படி: ஒரு சீ.ஆர். கொப்பியும் ஒரு பொலித்தீன் பையும்

1840 ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறையில் இருக்கும் மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டி இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட "ஒரு வருட அக்ரிமென்ட்", குத்தகையாகச் செல்லாது. இதைக் கேட்டுப் பலர் கலங்கிப்போகிறார்கள். கலங்க வேண்டியதில்லை. எழுத்தே இல்லாவிட்டாலும், மாதாமாதம் வாடகை கொடுத்து, அதை உரிமையாளர் ஏற்றுக்கொண்டு வந்திருந்தால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் மாத வாடகைக்காரர். மாத வாடகையை முடிப்பதற்கு ஒரு முழுக் காலண்டர் மாத அறிவித்தல் தேவை. மாதத்தின் 12 ஆம் திகதி தொலைபேசியில் சொல்லிவிட்டு அந்த மாதக் கடைசியில் இறங்கச் சொல்வது முறையான அறிவித்தல் அல்ல.

ஆகவே நிரூபிக்க வேண்டியது, வாடகை கொடுத்தீர்கள் என்பதையே. நான் வவுனியாவில் முதன்முதல் வாடகைக்கு இருந்த வீட்டில் மூன்று மாத முற்பணத்தைப் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுத்தேன். வெளியேறும்போது, தந்தது ஒரு மாதப் பணம்தான் என்று உரிமையாளர் சாதித்தார்; என்னிடம் மறுப்பதற்கு எதுவும் இல்லை. அதற்குப் பிறகு நான் செய்துவருவதைச் சொல்கிறேன். சீ.ஆர். கொப்பி ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம் என்று ஒதுக்குங்கள். பக்கத்தின் தலையில் மாதத்தை எழுதி, அதன் கீழ் கொடுத்த திகதி, தொகை, யாருடைய கையில் கொடுத்தது, எந்த இடத்தில், யார் பக்கத்தில் நின்றார் என்பவற்றை எழுதி, வாங்குபவரின் கையெழுத்தைக் கேளுங்கள். "என்ன தம்பி, நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்பார்கள். "எனக்கே மறந்துபோகுது அக்கா, கணக்குக்காகத்தான்" என்றால் பெரும்பாலானோர் போட்டுவிடுவார்கள். போட மறுத்தால் அடுத்த மாதம் முதல் வங்கிக் கணக்குக்குப் பணத்தை வைப்பிலிடுங்கள்; வைப்புச் சீட்டில் "இன்ன மாத வீட்டு வாடகை" என்று எழுதுங்கள். வெப்பத்தில் அச்சிடப்படும் சீட்டுகளின் எழுத்து சில மாதங்களில் வெளிறிவிடும். வன்னி வெயிலில் இன்னும் விரைவாக. அன்றே ஒரு போட்டோப் பிரதி எடுத்துவிடுங்கள்.

வைபர், வட்சப் செய்திகளையும் அழிக்காதீர்கள். "இந்த மாத வாடகை கிடைத்தது" என்று வெளிநாட்டிலிருந்து உரிமையாளர் அனுப்பிய ஒரு வரி, 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின் வழியாக நீதிமன்றத்தில் சான்றாக வர முடியும். குரல் செய்தியாக இருந்தால் திகதி தெரியும்படி அப்படியே வைத்திருங்கள். கொப்பி, சீட்டுகள், அந்த முகவரி இருக்கும் மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல், பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம், வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தால் அதன் பிரதி எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில் போட்டு, மழை ஒழுகாத இடத்தில் வையுங்கள்.

நான்காவது படி: சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குச் செல்லுங்கள்

போர் முடிந்த பின்னர் வன்னிக்கு வந்து, காணி, வீடு, ஆவணம் தொடர்பாக இலவச ஆலோசனை தந்த தொண்டு நிறுவனங்களின் பணி பெரும்பாலும் முடிந்துவிட்டது. இன்று நிலையாக இருக்கும் இடம், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவே. வருமானம் குறைந்தவர்களுக்கு ஆலோசனை சொல்வதும், கடிதம் எழுதிக் கொடுப்பதும், தேவையானால் சட்டத்தரணியை அமர்த்தி நீதிமன்றத்தில் தோன்றுவதும் அதன் வேலை. வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய நான்கு மாவட்டங்களிலும் அதன் சேவை இருக்கிறது. நிலையங்கள் வழமையாக நீதிமன்ற வளாகத்திலோ அதன் அருகிலோ இருக்கும், வாசலில் நிற்கும் காவலரிடம் "சட்ட உதவி ஒபிஸ் எது?" என்று கேட்டால் கை காட்டுவார். இடத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் முன்கூட்டியே அறிய, 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத்தின் இலக்கத்துக்குத் தமிழிலேயே அழைக்கலாம்.

எந்த மாவட்ட நிலையம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் பிறந்த ஊரோ அடையாள அட்டையில் உள்ள முகவரியோ அல்ல. பிரச்சினைக்குரிய வீடு எந்த நீதிமன்ற எல்லைக்குள் இருக்கிறது என்பதே. துணுக்காய், மாந்தை கிழக்கு போன்ற இடங்களில் இருப்போர் இதைக் கிராம அலுவலரிடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. பஸ் செலவோடு ஒரு நாட்கூலியும் போன பிறகு, "இது எங்கட பகுதி இல்லையே" என்று கேட்க நேர்வது கொடுமை.

கொண்டுபோக வேண்டியவை: தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும், நீங்கள் அந்த இடத்தில் வசிப்பதையும் உங்கள் வருமானத்தையும் குறிப்பிடும் கிராம அலுவலர் சான்றிதழ், சம்பளம் பெறுபவரானால் சம்பளச் சீட்டு, அஸ்வெசும நிவாரணம் பெறுபவரானால் அதற்கான சான்று, மேலே சொன்ன பொலித்தீன் பை முழுவதும், வந்த கடிதங்கள், அறிவித்தல்கள், அவை வந்த கடித உறைகளோடு. உறையை எறிந்துவிடாதீர்கள், ஏனென்றால் அதில் இருக்கும் தபால் முத்திரைத் திகதிதான் அறிவித்தல் எப்போது அனுப்பப்பட்டது என்பதற்குச் சாட்சி.

வருமானம் ஒரு சோதனை. வழக்கில் நியாயம் இருக்கிறதா என்பது இன்னொரு சோதனை. இரண்டையும் பார்த்தே உங்களுக்காக நீதிமன்றத்தில் தோன்றுவதா என்று முடிவு செய்வார்கள். ஆகவே அந்த மேசையின் முன் முதல் பத்து நிமிடத்தில் எப்படிப் பேசுகிறீர்கள் என்பது முக்கியம். நான் ஒருமுறை அயலவர் ஒருவருடன் துணைக்குப் போயிருந்தேன். அவர் உரிமையாளரின் குணத்திலிருந்து தொடங்கி, அவருடைய மகளின் கலியாணத்துக்குத் தான் பந்தல் போட்டுக் கொடுத்த கதை வரை சொல்லிக்கொண்டு போனார். சட்டத்தரணி பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, எப்ப குடி வந்தனீங்கள்?" என்று கேட்டார். பதில் வரவில்லை. "கடைசியா வாடகை குடுத்தது எந்த மாசம்?" அதற்கும் உடனே பதில் வரவில்லை. பின்னால் வரிசையில் இருபது பேர். அன்று வெறுங்கையோடு திரும்பி, ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு மறுவாரம் போனபோது கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

அந்தத் தாள் இப்படி இருந்தால் போதும்: குடிவந்த திகதி, மாத வாடகை எவ்வளவு, எப்போது கூடியது, முற்பணம் எவ்வளவு, யாரிடம் கொடுக்கிறீர்கள், கடைசியாகக் கொடுத்த மாதம், பிரச்சினை தொடங்கிய திகதி, அதன் பின் நடந்தவை, ஒவ்வொன்றும் ஒரு வரியில், வந்த கடிதங்களும் அவற்றின் திகதிகளும், கடைசியாக, நீங்கள் வேண்டுவது என்ன என்பது. வீட்டிலேயே தொடர்ந்து இருக்க வேண்டுமா, ஆறு மாத அவகாசம் வேண்டுமா, முற்பணம் திரும்ப வேண்டுமா, கூரை திருத்தப்பட வேண்டுமா? பலர் இதைச் சொல்வதில்லை. சட்டத்தரணியும் ஊகிக்க முடியாது. வாடகை நிலுவை இருந்தால் அதை மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பின் வாயால் அது நீதிமன்றத்தில் வெளிவருவதைவிட உங்கள் வாயால் முதலில் வெளிவருவது நல்லது.

ஏதாவது சிறு தொகை கேட்கப்பட்டால் அது எதற்கென்று கேட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். நீதிமன்ற வாசலில் நின்று "நான் கெதியா முடிச்சுத் தாறன்" என்பவர்களிடம் காசும் கொடுக்க வேண்டாம், மூல ஆவணங்களும் கொடுக்க வேண்டாம். எந்த வெற்றுத் தாளிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

ஐந்தாவது படி: மத்தியஸ்த சபை

சிறிய தொகை சம்பந்தப்பட்ட பிணக்குகளுக்கு, உதாரணமாக முற்பணத்தைத் திருப்பித் தராதது போன்றவற்றுக்கு, நேரே நீதிமன்றம் போக முடியாது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்கு முதலில் போக வேண்டும். பழையவர்கள் இணக்க சபை என்று சொல்வதும் இதையே. அங்கே சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. இரு தரப்பும் தாமே பேச வேண்டும். பணம் இல்லாதவருக்கு இது ஒருவகையில் அனுகூலம், ஏனென்றால் எதிர்த்தரப்பும் சட்டத்தரணியைக் கூட்டிவர முடியாது. ஆனால் ஊரில் செல்வாக்குள்ள உரிமையாளரின் முன் குரல் எழாத ஒரு பெண்ணுக்கு அதே ஏற்பாடு பாதகமாகவும் முடியலாம் என்பதால், போவதற்கு முன் சட்ட உதவி நிலையத்தில் ஒருமுறை பேசி, எதுவரை இறங்கிப் போகலாம் என்று தீர்மானித்துக்கொண்டு செல்லுங்கள். இணக்கம் ஏற்பட்டால் எழுதப்படுவதை வாசித்துப் பார்த்தே கையெழுத்திடுங்கள். ஏற்படாவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள். அதோடு நீதிமன்றம் போகலாம்.

ஆறாவது படி: நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தால்

அழைப்பாணை வந்தால் அதில் உள்ள திகதியைச் சுவர்க் காலண்டரில் வட்டமிட்டுவிட்டு, அதை எடுத்துக்கொண்டு அன்றோ மறுநாளோ சட்ட உதவி நிலையத்துக்குப் போங்கள். வழக்குத் தவணைக்கு முதல் நாள் போனால் எந்தச் சட்டத்தரணியாலும் மறுமொழி தயாரிக்க முடியாது. எழுத்திலான குத்தகை முடிந்த வீடுகளை உரிமையாளர் சுருக்கமான நடைமுறையில் மீட்பதற்கு 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்திருப்பதால், நொத்தாரிசு எழுதிய குத்தகையில் இருப்போர் இதில் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்.

அழைப்பாணையைக் கையேற்க மறுப்பதும், வீட்டைப் பூட்டிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விடுவதும் நம்மவரிடம் உள்ள பழைய பழக்கம். அதனால் வழக்கு நின்றுவிடாது. நீங்கள் தோன்றாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகும். அப்படித் தீர்ப்பாகி, தீர்ப்பாணை உங்கள் கைக்கு வந்துவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை: அது கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள், தோன்றாமைக்கு நியாயமான காரணம் இருந்தது என்று காட்டி, வழக்கை மீண்டும் திறக்குமாறு விண்ணப்பிக்கலாம். வைத்தியசாலை அனுமதி அட்டை, மரணச் சான்றிதழ் போன்ற சான்றுகள் அப்போது உதவும். பதினைந்தாம் நாள் போனால் அந்த வழியும் இல்லை.

வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ். உங்களுக்கு விளங்காத மொழியில் எந்த ஆவணம் தரப்பட்டாலும் அதன் பொருளைத் தமிழில் கேட்டறியாமல் கையெழுத்திட வேண்டாம்; வவுனியாவில் இந்தச் சிக்கல் மற்ற மாவட்டங்களைவிடக் கூடுதலாக எழக்கூடும்.

நகர எல்லைக்குள் இருப்போருக்கு

1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்காரருக்கு வலுவான பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அது நகர உள்ளூராட்சி எல்லைகளை நோக்கமாகக் கொண்டது. அங்கும் விதிவிலக்கான வீடுகள் பல. வவுனியா, மன்னார் நகரங்களில் இருப்போர், தம் வீடு இந்தச் சட்டத்துக்குள் வருகிறதா என்பதைச் சட்ட உதவி நிலையத்தில் முதற் கேள்வியாகக் கேட்க வேண்டும். வருமானால், குடியிருப்பு வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்க முடியாது; சட்டம் குறிப்பிடும் காரணங்கள் இல்லாமல் வெளியேற்ற முடியாது; வாடகைக்காரர் இறந்தால் கூட இருந்த வாழ்க்கைத் துணை தொடர வழியுண்டு. இன்னொரு பயனுள்ள ஏற்பாடும் இருக்கிறது. உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்து, "மூன்று மாசம் கட்டவில்லை" என்று வழக்குப் போடத் திட்டமிடுவதாகத் தோன்றினால், உள்ளூராட்சி மன்றத்தின் அதிகாரமளிக்கப்பட்ட அலுவலரிடம் அந்த வாடகையைக் கட்டலாம். அது உரிமையாளருக்கே கட்டியதாகக் கொள்ளப்படும். பிரதேச சபைப் பகுதியில் இருப்பவர், வாங்க மறுக்கப்பட்ட வாடகையைக் காசுக்கட்டளையாகப் பதிவுத் தபாலில் அனுப்பி, திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பது நல்லது.

உரிமையாளர் கடல் கடந்து இருந்தால்

வாடகை வாங்க வருபவரும் இறங்கச் சொல்பவரும் உரிமையாளரல்லர் என்றால், அவரிடம் அற்றோணித் தத்துவம், அதாவது உரிமையாளர் சார்பில் செயற்படுவதற்கான எழுத்து அதிகாரம், இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டுப் பிரதி ஒன்றை வாங்குங்கள். சகோதரர்களுக்குள் பங்குப் பிரச்சினை எழுந்து, இன்று ஒருவரும் நாளை இன்னொருவரும் வாடகை கேட்டு வருவது கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் நடக்கிறது. இருவருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. யாருக்குக் கொடுப்பது என்பதை எழுத்தில் தருமாறு இருவரிடமும் கேளுங்கள், அதுவரை பணத்தைச் செலவழிக்காமல் தனியாக எடுத்து வையுங்கள்.

வீடு விற்கப்பட்டால் உங்கள் வாடகை உரிமை அதோடு அழிந்துவிடாது. நம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறார். அவரும் முறையான அறிவித்தல் கொடுத்து, முறையான வழியில்தான் வீட்டைப் பெற வேண்டும். புதியவருக்கு வாடகை கட்டத் தொடங்குமுன் உறுதியின் பிரதியைக் கேளுங்கள். பழையவரிடம் உள்ள முற்பணத்தை யார் திருப்பித் தருவது என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

வேறு கதவுகள்

தனியார் உரிமையாளருக்கு எதிராக மனித உரிமைகள் ஆணைக்குழு எதுவும் செய்ய முடியாது. ஆனால் பொலிசார் முறைப்பாட்டை ஏற்க மறுத்தால், அல்லது உரிமையாளரோடு சேர்ந்து உங்களை வெளியேற்ற முனைந்தால், அது அரச அதிகாரியின் செயல் என்பதால் அங்கே போகலாம். அதன் பிராந்திய அலுவலகம் ஒன்று வவுனியாவில் இருக்கிறது. தொலைபேசி இலக்கம் 1996. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதக் கெடு உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்தக் கெடுவில் கணக்கிடப்படாது. வீட்டுக்குள் கணவனின் வன்முறையால் வெளியேற நேர்ந்த பெண்ணுக்கு, 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், வாடகை வீடாக இருந்தாலும் அவனை அங்கே நுழையாமல் தடுக்கும் பாதுகாப்புக் கட்டளை பெற முடியும்; 1938 என்ற மகளிர் உதவி இலக்கமும், பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இதற்கு வழிகாட்டுவார்கள்.

சட்ட உதவி நிலையம் உங்கள் விண்ணப்பத்தை ஏற்க மறுத்தால், காரணத்தைக் கேளுங்கள். வருமானம் கூட என்றால், குடும்பத்தில் எத்தனை பேர், கடன் எவ்வளவு என்பவற்றைக் காட்டி மீண்டும் பரிசீலிக்கக் கேட்கலாம். வழக்கில் வலுவில்லை என்றால், அதையும் மதித்துக் கேட்பதே நல்லது. அவகாசம் வாங்கிக்கொண்டு கௌரவமாக வெளியேறுவதற்கு ஒரு கடிதம் எழுதித் தருமாறு அங்கேயே கேட்கலாம். பலருக்கு உண்மையில் தேவைப்படுவதும் அதுதான்.

அப்படி வெளியேறும் நாளில், சாமான் ஏற்றிய பிறகு வெறுமையான ஒவ்வொரு அறையையும், கிணற்று மோட்டாரையும், மின்மானியில் நிற்கும் இலக்கத்தையும் படம் எடுங்கள். திறப்பைக் கொடுக்கும்போது, சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் "திறப்பு இத்தனை பெற்றுக்கொண்டேன், முற்பணம் இவ்வளவு திருப்பிக் கொடுத்தேன்" என்று திகதியோடு எழுதிக் கையெழுத்து வாங்கிய பின்னரே படலையைச் சாத்துங்கள்.